முத்துச் சிப்பியின் முதல் படம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, "ஆய்வுகூடத்துக்குப் பத்து வயசாகப் போகுது, ஒரு வரலாறு எழுதினா நல்லம்" என்று நான்தான் சொன்னேன். "அப்ப நீங்களே எழுதுங்கோ சிவராணி" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

எழுதத்தான் வேண்டும். மார்ச் 14 அன்று பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகத்திலிருந்து பீடாதிபதி கலாநிதி ஸப்ராஸ் தலைமையில் ஐந்து பேர் வருகிறார்கள். எங்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டி மன்னாரிலேயே இருப்பதா, கழற்றிக்கொண்டு போவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். போன வருடம் முழுவதும் இயந்திரம் அறுபத்தொரு நாள்தான் ஓடியது. "பாவிக்காத சாமானை ஏன் அங்கை வைச்சிருக்கிறியள்?" என்று ஸப்ராஸ் கேட்டாராம். கேள்வியில் பிழை இல்லை. அதுதான் எரிச்சல்.

எட்டு வருடமாக அந்த இயந்திரத்தோடு குடும்பம் நடத்துகிறேன். அதன் காற்றிழுக்கும் பம்பி இருமினால் எனக்குத் தடிமன் பிடிக்கும். அது போனால் நானும் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது கந்தோரில் இருந்து கோப்பு அடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம்.

பெப்ரவரி 14, வெள்ளி

வரலாற்றின் முன் அட்டைக்கு ஒரு யோசனை வந்தது! எங்கள் முதல் படம் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கடிதத் தலைப்பிலும் அதுதான். வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள், ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு கூர். கீழே: "மன்னார் முத்துச் சிப்பி, 14.03.2015, முற்பகல் 11.42." அதே சிப்பியை இன்று மறுபடியும் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால்? அன்றும் இன்றும்!

ஆய்வுகூடத்தைத் தொடக்கிய பேராசிரியர் தனஞ்சயன், திறப்பு விழாவில் இந்தப் படத்தைக் காட்டித்தான் "இது கடலைப் பார்க்க வந்த கண்" என்று பேசினாராம். அந்தப் பேச்சிலிருந்து ஒரு விதியும் பிறந்தது. வாசலில் பலகை: "கடல் மாதிரிகள் மட்டும் ஏற்கப்படும்."

உதவியாளர் றோஸ்மேரி கீரிக் கடற்கரையிலிருந்து திங்கட்கிழமை சிப்பி கொண்டுவருவதாகச் சொன்னாள். இன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் ஊர் பெரியமடு வரும்வரை எனக்கு நித்திரை வரவில்லை. வழமையாக உயிலங்குளம் தாண்டுவதற்கு முன்னமே தலை சாய்ந்துவிடும்.

பெப்ரவரி 19, புதன்

வரவில்லை. சிப்பியின் உள்பக்கம், வெளிப்பக்கம், விளிம்பு, குஞ்சுச் சிப்பி, கிழட்டுச் சிப்பி — மூன்று நாளாக எல்லாவற்றையும் காயவைத்து, தங்கப் பூச்சுப் பூசி, உள்ளே வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் அழகுதான். உள்பக்கம் ஓடு வேய்ந்த கூரையைப் போல இருக்கிறது. ஆனால் சுவரில் இருக்கிற படம் இல்லை. மேடும் இல்லை, கூரும் இல்லை.

"அக்கா, சிப்பிக்கு உங்களைப் பிடிக்கேல்லைப் போல" என்கிறாள் றோஸ்மேரி.

எனக்கும் அதைப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

அலுமாரியின் அடித்தட்டில் 2015ஆம் ஆண்டின் பதிவுப் புத்தகம் கிடைத்தது. திறப்பு விழா நாளின் பக்கம்:

9.50 — சிப்பி. வெற்றிடம் ஏறவில்லை.
10.25 — சிப்பி. வெற்றிடம் ஏறவில்லை.
11.05 — சிப்பி. வெற்றிடம் ஏறவில்லை.
11.20 — மாதிரி மாற்றப்பட்டது.
11.42 — படம்.

சிரிப்பு வந்துவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கடலிலிருந்து அன்று காலைதான் எடுத்த சிப்பியை, விருந்தினர் வருகிறார்களே என்று நன்றாகக் கழுவித் துடைத்து உள்ளே வைத்திருப்பார்கள். இந்த இயந்திரத்துக்குள் காற்றே இருக்கக் கூடாது. ஈரமான பொருளை வைத்தால் அது ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், பம்பி இழுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரையில் ஆய்வுகூடம் வைத்த எல்லோரும் முதலில் விடுகிற பிழை. நானும் வந்த புதிதில் ஒரு இறாலை வைத்து ஒரு நாளை வீணாக்கினேன்.

ஆனால் 11.20க்கு மாற்றிய மாதிரி என்ன? அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அப்படியென்றால் சுவரில் தொங்குவது?

இயந்திரத்தைப் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியரின் மின்னஞ்சல் இப்போது வேலை செய்யவில்லை. பேராசிரியரிடம் நேரே கேட்கப் பயம். அன்றைக்கு எங்கள் வான் வண்டியை ஓட்டிய அழகையா அண்ணன் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அழகையா அண்ணன் படங்கை விரித்து அதில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். பேச்சில் இன்னும் அந்த மணம் போகவில்லை.

"சிப்பியா? யாரும்மா சொன்னது? சிப்பிய வச்சாலே மிசின் மொரண்டு புடிச்சிச்சு. அந்த வெள்ளக்காரரு 'டிரை, டிரை'ன்னு கத்துறாரு. வெளிய மாலயோட விருந்தாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. காஞ்சதுதான் கேக்குறாருன்னு எனக்கு வெளங்கிருச்சு. மொத நாளுதான் அறுவடை முடிச்சோம், சட்டப் பையில நாலு நெல்லு கெடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். உமிய உரிச்சு, அந்த உமியத்தான் உள்ள வச்சாரு."

"ஏன் அண்ணை, இவ்வளவு காலம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எல்லாருக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன். அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள என்னய யாரு விட்டா, என்னா எழுதி மாட்டியிருக்காங்கன்னு பாக்குறதுக்கு?"

படங்கிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டில் என் கணவர் சிவராசா, "நெல்லு இல்லாத வீடு மாதிரி அங்கை போய் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்று சிரித்தார். அவர் வயல் நெல்லிலும் கொஞ்சம் எடுத்தேன். வாய்க்கால் ஓரத்துத் துண்டில் விளைந்த கறுத்த நெல்லும் அதில் கலந்து வந்தது. அந்தத் துண்டில் உவர் ஏறிவிட்டது என்று மூன்று போகமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பெப்ரவரி 24, திங்கள்

நெல்! நெல்! நெல்!

நாலு நிமிடத்தில் வெற்றிடம் ஏறியது. முந்நூறு மடங்கில் திரையில் வந்து நின்றது — வரிசை, வரிசை, வரிசை. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கூர். சுவரைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். கத்திவிட்டேன். எனக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து றோஸ்மேரி கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தாள்.

நெல்லுக்குள் பிறந்து நெல்லுக்குள் வாழ்க்கைப்பட்டவள் நான். எட்டு வருடம் அந்தப் படத்துக்குக் கீழே இருந்து தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். வந்த பேராசிரியர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கீழே பெயர் எழுதியிருந்தால் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை.

பின்னேரம் விளையாட்டாகக் கறுத்த நெல்லையும் வைத்துப் பார்த்தேன். உமியின் மேடுகளுக்கு இடையில் நூல் நூலாக ஏதோ படர்ந்திருந்தது. உப்பென்றால் சதுரம் சதுரமாகத் தெரியும், அது எனக்கு மனப்பாடம். இது உப்பில்லை, பூஞ்சணம். சிவராசா மூன்று போகமாக உவரைத் திட்டியது வீண்.

மன்னாரில் தீவைத் தாண்டிப் பெருநிலத்துக்குள் போனால் கண் எட்டும் தூரம் வயல். அந்த வயல்காரர் அத்தனை பேருக்கும் ஒரு பலகையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இயந்திரத்துக்கு வேலை இல்லை என்று அழுகிறோம். அந்தப் பலகையே ஒரு நெல்லைச் சிப்பி என்று சொன்னதால் வந்தது!

பெப்ரவரி 25, செவ்வாய்

"அக்கா, குழு வந்திட்டுப் போகுமட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ." றோஸ்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து வருசம் பொய்ப் படம் தொங்கவிட்டவங்களெண்டு சொல்லி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம். எனக்கு நிரந்தர வேலை இல்லை அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். என்ன செய்யிறது? சொல்லாமல் விட்டால் அறுபத்தொரு நாள் கணக்குத்தான் மிஞ்சும், அப்பவும் போயிடும். சொன்னாலும் போகலாம். பேராசிரியரின்ரை பேர் என்னாகும்? நான் ஏன் இந்த வரலாற்றுக்கு வாயைத் திறந்தனான்?

பெப்ரவரி 28, வெள்ளி

பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். கடிதத் தலைப்பையும் திங்கட்கிழமை எடுத்த படத்தையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போடாமலே பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

நான் கதிரை நுனியில் இருந்தேன்.

"அறிவிப்பாளர் முதலே சொல்லிப்போட்டார், முத்துச் சிப்பியெண்டு. சனம் கை தட்டுது. பிறகு திருத்தலாம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் பேப்பரில வந்திட்டுது. ஒரு கிழமை போனாப் பிறகு வெக்கம். ஒரு வருசம் போனாப் பிறகு அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டுது. அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் நான் எப்பவும் இருந்தனான், நீர் கவனிக்கேல்லையோ?"

கவனித்திருக்கிறேன். கழுத்து நோவாக்கும் என்று நினைத்திருந்தேன்.

"உள்ளதை எழுதும்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது.

மார்ச் 3, திங்கள்

வரலாறு எழுதி முடிந்தது. முதல் வசனம்: "எங்கள் முதல் மாதிரி, அழகையாவின் சட்டைப் பையிலிருந்து வந்த ஒரு நெல்."

மார்ச் 14, வெள்ளி

காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். ஸப்ராஸ் சேர் சுவர்ப் படத்தைப் பார்த்து, "முத்துச் சிப்பி, நல்ல படம்" என்றார்.

"சேர், அதே மாதிரியை இப்ப உங்களுக்கு முன்னால வைச்சுக் காட்டுறன்" என்றேன். ஒரு நெல்லை எடுத்து எல்லோரும் பார்க்க உமியை உரித்தேன். குழுவில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். தங்கப் பூச்சுப் பூசி, உள்ளே வைத்துப் பம்பியை ஓடவிட்டேன். பிறகு திரையில் வரிசையும் கூரும் வந்தன.

ஸப்ராஸ் சேர் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். "அப்ப பத்து வருசமா இந்த ஆய்வுகூடம் பிழையான பேரிலயோ நடந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. பேராசிரியர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அழகையா அண்ணனையும் கூட்டிவந்து, கடைசிக் கதிரைகளில் இருவரும் இருந்திருக்கிறார்கள். எழுந்து நின்றார். "பிழையாச் சொன்னது நான், கலாநிதி. நெல்லைக் குடுத்தவர் இவர். கண்டுபிடிச்சது இந்தப் பிள்ளை. ஆய்வுகூடத்தில பிழை இல்லை."

அப்போதுதான் நான் இரண்டாவது மாதிரியை உள்ளே விட்டேன், கறுத்த நெல். குழுவில் வந்த விவசாய விரிவுரையாளர் வேணுஜா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"இது எந்த வயல்?"

"எங்கடை வயல், மிஸ். உவரெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

"உவர் இல்லையே! இன்னும் கிட்டக் கொண்டுபோங்கோ. இன்னும். நில்லுங்கோ, நில்லுங்கோ!" அதற்குப் பிறகு அவர் ஒரு மணி நேரம் எழும்பவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஸப்ராஸ் சேர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "சுவாரசியம்தான். ஆனா பாவனை இல்லையெண்டா நான் என்ன செய்யிறது?" என்றார்.

அழகையா அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப் படத்தையே பார்த்தபடி நின்றார். "நம்ம நெல்லா இது?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மார்ச் 15, சனி

நாள் முழுக்க நித்திரை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது! றோஸ்மேரி உடைக்கமாட்டேன் என்று என்னிடம் தந்தாள், நான் அவளிடம் திருப்பித் தந்தேன். கடைசியில் நின்றபடி சேர்ந்து வாசித்தோம். ஒரு வருடம் தருகிறார்கள். மாதிரி எங்கிருந்து வந்தாலும் எடுக்கலாம். வருட முடிவில் எத்தனை நாள் ஓடியது என்று பார்ப்பார்கள்.

ஒரு வருடம்! பலகையைக் கழற்றினோம். ஆணி கறள் பிடித்து வர மறுத்தது, றோஸ்மேரி சுத்தியலால் அடித்தாள்.

ஜூன் 18, புதன்

காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கும்போதே முள்ளிக்குளத்திலிருந்து மிளகாய் இலையோடு இரண்டு பேர் நின்றார்கள். வேணுஜா மிஸ் அனுப்பிய மாணவர்கள் வேறு. இந்த மாதம் ஒரு நாளும் இயந்திரம் சும்மா நிற்கவில்லை.

பதினொரு மணிபோல் தொலைபேசி. ஸப்ராஸ் சேர். அவருடைய மாணவி ஒருத்திக்கு அவசரமாக ஒரு நாள் வேண்டுமாம், அடுத்த கிழமை.

பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பொய்யில்லை, உண்மையாகவே புரட்டித்தான் பார்த்தேன்.

"ஜூலை பதினேழுக்கு முதல் இல்லை, சேர்."

"ஒரு மாதமோ? சிவராணி, கொஞ்சம் முன்னுக்குத் தள்ள ஏலாதோ?"

"மிளகாய்க்காரரும் அவசரமெண்டுதான் நிக்கினம் சேர்."

அவர் மெதுவாகச் சிரித்தார். "சரி, பதினேழே போடுங்கோ."

மாணவியின் பெயரை எழுதினேன். வரிசையில் இருபத்து மூன்றாவது.