அணைக்கக் கூடாத பெட்டி

முத்தையாபுரம்,
10.11.2025

அன்பு மகன் பாலகணேஷுக்கு, உன் அம்மா சீனித்தாய் எழுதுவது.

நீயும் மருமகளும் பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பொங்குகிறேன், தின்கிறேன், நடமாடுகிறேன். இங்கே நேற்றிலிருந்து மழை.

நீ அனுப்பிய புகார்ப் பேப்பர் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சாமான் வாங்கின பில் என் பேரில் இருப்பதால் நான்தான் கையெழுத்துப் போட வேண்டுமென்று வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. முதல் பக்கத்திலேயே காலஞ்சென்ற சிவனாண்டி என்று உன் அப்பா பேரை அடித்திருக்கிறார்கள். நாற்பத்தோரு வருஷமாக அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தேன், அதுவும் காலஞ்சென்ற என்று சேர்த்து. அதற்குக் கீழே எதிர்மனுதாரர் அய்யாக்குட்டி, எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். பேப்பரை இந்தக் கடிதத்தோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை நீ அழுதாய். ஒரு தடவை பிள்ளை அழுதான். மூன்றாவது தடவை நீ அய்யாக்குட்டியைத் திட்ட ஆரம்பித்தாய், எனக்கு வாய் அடைத்துப்போனது. கடிதம் என்றால் நடுவில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படி, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

உன் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த இரண்டு வருஷமாக மத்தியானம் ஒன்றரை மணியானால் காலித் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். இன்றைக்கு லீவு என்று சொன்னால், ஏளா உனக்கு என்ன தெரியும், கப்பல் நிக்கி என்று என் மேலேயே சள்ளென்று விழுவார். மூன்று தடவை ஹார்பர் ரோட்டில் லாரி டிரைவர்கள் பார்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் கதவு திறந்தால் சத்தம் கொடுத்து உன் போனுக்கும் சொல்கிற அந்தச் சாமானெல்லாம் வீட்டுக்கு மாட்ட வேண்டும் என்று நீ முடிவு செய்தாய்.

அதையெல்லாம் சேர்த்து ஓட்டுகிற பெட்டி எது வாங்குவது என்று நீயும் அய்யாக்குட்டியும் ஒரு வாரம் மல்லுக்கட்டினீர்கள். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன், கை வலித்ததுதான் மிச்சம். நீ சொன்ன பெட்டி பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நெட் இருந்தால்தான் வேலை செய்யும் என்றான் அவன். நம்ம தெருவில் காற்றடித்தாலே நெட் படுத்துக்கொள்ளும், கரண்டும் போகும், அதனால் உள்ளேயே பேட்டரி இருக்கிற பெட்டிதான் வேண்டும், நெட் செத்தாலும் கதவு திறந்தால் வீட்டுக்குள்ளேயே சத்தம் கொடுக்கணும் என்றான். நீ தள்ளுபடியில் வாங்கி அனுப்பின கேமரா எந்தப் பெட்டியோடும் சேரவில்லை. ஒரே கம்பெனிக்காரன் சாமானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே பெட்டி பேச்சைக் கேட்கிறதாக இருக்கணும் என்று அவன் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். கதவு சென்சாரை உப்புக்காற்று தின்றுவிடும் என்று உறை போட்டு மாட்டினான். கடைசியில் அவன் சொன்ன பெட்டியைத்தான் வாங்கினோம். தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டும் வேண்டும் என்று நீ சொன்னாய். உள்ளே வைத்துப் பூட்ட அவர் என்ன களவாண்டாரா என்று கேட்டு அதைத் தடுத்தது நான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது நீ சொல்வது என்ன? நான் சொன்ன பெட்டியை வாங்கியிருந்தால் அப்பா இருந்திருப்பார், அவன் கமிஷனுக்காக மட்டமான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான், அது சரஸ்வதி பூஜையன்றைக்குப் பதினொன்று பத்துக்குத் தானாகச் செத்து, சாயங்காலம் ஐந்து இருபதுக்குத் தானாக உயிர் பெற்றது, இதற்குச் சாட்சி உன் போனிலேயே இருக்கிறது. இதைத்தானே வக்கீலும் எழுதியிருக்கிறார்.

பாலகணேஷ், அந்தப் பெட்டி தானாகச் சாகவில்லை. நான்தான் அணைத்தேன்.

மாப்பிள்ளையூரணியில் உன் தாத்தா கடை வைத்திருந்தபோது, பூஜையில் வைத்த தராசை மறுநாள் மறுபூஜை முடிகிற வரை யாரும் தொடக் கூடாது. உழைக்கிற சாமானுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கணும் என்பார். நம் வீட்டிலும் அப்படித்தானே. நீ கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து அடுக்குவாய், ஒரு நாள் தொடவேண்டாமே என்று. இந்த வருஷமும் தையல் மிஷினைத் துடைத்தேன், அரிவாள்மனையைக் கழுவினேன், பீரோவில் ஒளித்து வைத்திருந்த அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டையும் எடுத்து வைத்தேன். அப்புறம் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஏழு மாசமாக ராப்பகலாக உழைக்கிற சாமான் இந்த வீட்டில் அது ஒன்றுதான் என்று பட்டது. சுவிட்சை அணைத்தேன். உள்ளே பேட்டரி இருக்கிறதே, அதனால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பின்னால் இருக்கிற பட்டனை ஐந்து எண்ணுகிற வரைக்கும் அமுக்கிப் பிடித்தேன். அந்தப் பட்டனுக்கு மேலே அய்யாக்குட்டி பிளாஸ்டர் ஒட்டி, அணைக்காதீங்க அத்தை என்று பேனாவால் எழுதியிருந்தான். அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் இட்டு, பெட்டியைச் சாமி முன்னால் வைத்தேன்.

அவன் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பொரி, சுண்டல் வாங்கிப் போக வந்தான். பெட்டி சாமி முன்னால் இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அத்தை, எல்லாம் இதுகிட்டதான் பேசுது, இது தூங்கினா கதவும் ஊமை, கேமராவும் ஊமை, பொட்டு வச்சது வச்சபடி இருக்கட்டும், ஓட மட்டும் விடுங்க என்று கெஞ்சினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் டெஸ்டரையும் ஸ்பானரையும் உன் வீட்டில் பூஜையில் வைத்திருக்கிறாய் அல்லவா, போய் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வா, நானும் இதை எடுக்கிறேன் என்று சொன்னேன். அவன் பொரி, சுண்டலை எடுத்துக்கொண்டான். மாமாவைப் பார்த்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாமிக்காக என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி நிஜம். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியில் பேசுகிற பொம்பளைக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அய்யாக்குட்டி நல்லதற்குத்தான் அதைத் தமிழில் பேச வைத்தான். முன்கதவு திறந்திருக்கிறது, முன்கதவு திறந்திருக்கிறது. பால்காரன் வந்தால் சொல்லும், கோலம் போடப் போனால் சொல்லும், துணி எடுக்கப் போனால் பின்கதவு என்று சொல்லும். அது சொல்லும்போதெல்லாம் உன் அப்பா படுக்கையிலிருந்து எழுந்து, யாரோ கூப்பிடுதாங்க என்று கிளம்புவார். ஏழு மாசமாக நான் மத்தியானம் கண்ணை மூடியதில்லை. ஒரே ஒரு மத்தியானம் அந்தப் பொம்பளை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. சாமி பேரைச் சொல்லி அதை அணைத்தேன். சாப்பிட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் பாலகணேஷ். அப்படி ஒரு தூக்கம் இனி எனக்கு வராது.

நான் விழித்தபோது மணி நாலேகால். கதவு திறந்து கிடந்தது. தூக்குவாளி இல்லை. பூஜையிலிருந்து ஹெல்மெட்டையும் எடுத்துப் போயிருந்தார். வழக்கம்போல லாரிக்காரன் யாராவது கொண்டுவந்து விடுவான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அவர்களும் லாரியைக் கழுவி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்களே. ஹார்பர் ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. அவர் அந்த வெயிலில் தனியாக நடந்திருக்கிறார், பார்க்க ஒரு ஆளில்லை.

தெருவே தேடப் போனது. அய்யாக்குட்டி பைக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினான். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பெட்டியை எடுத்துப் பொட்டையெல்லாம் முந்தானையால் துடைத்து, பழைய இடத்தில் வைத்து ஓட விட்டேன். நீ கேட்டால் என்ன சொல்வது, ஊர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். அவரைக் காணோம் என்ற பயத்தைவிட அந்த நேரத்தில் அதுதான் பெரிதாக இருந்தது. எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. விளக்கு எரிந்ததும் அது முதலில் சொன்னது, முன்கதவு திறந்திருக்கிறது.

மறுநாள் காலையில் உப்பளத்து வாய்க்காலில் அவரைப் பார்த்தார்கள். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை மூட வந்த பெண்கள்தான் பார்த்தது. ஹெல்மெட் வாய்க்கால் கரையில் கிடந்தது, நான் வைத்த குங்குமத்தோடு.

பெட்டி ஆஃப்லைன் என்று உன் போனுக்கு மெசேஜ் வந்ததாகவும், அங்கே விடியக்காலம், வழக்கம்போல நெட் போயிருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டதாகவும் நீ சொல்லிச் சொல்லி அழுதாயே. எனக்கு அது நெஞ்சில் குத்தியது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ அன்றைக்குப் போன் போட்டிருந்தாலும் நான் நெட் போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

காடாற்றின அன்றைக்கு நீ அய்யாக்குட்டி சட்டையைப் பிடித்தாய். எட்டாம் வகுப்பு வரை உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். எங்க அப்பனைக் கொன்னுட்டியேலே என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாய். பட்டன் அறுந்து விழுந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தை அணைச்சிட்டாங்க என்று. சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டிப் பெருக்கும்போது அந்தப் பட்டன் கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது அவனை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவன் மாட்டின சாமானால்தான் ஒரு உசுரு போச்சு என்று பேச்சு. தீபாவளிக்கு மூன்று வீட்டில் கேமரா மாட்டச் சொல்லியிருந்தவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். போன வாரம் அவன் பெண்சாதியைக் கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டாள். ஆனால் அவன் இன்னமும் மாசம் பிறந்தால் வந்து சென்சாரில் பேட்டரி பார்த்துவிட்டுப் போகிறான். உள்ளே வந்து தண்ணீர் குடி என்றால், இருக்கட்டும் அத்தை என்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். மாமா போயாச்சு, உங்களுக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை, அதையும் நான் ஏன் பிரிக்கணும் என்றான். நான் உட்கார்ந்து அழுதேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். அவன் பெண்சாதியிடம் நானே சொல்வேன். தெருவில் யார் கேட்டாலும் சொல்வேன். இந்த வயதில் ஊர் என்னை என்ன பேசினால் என்ன. வக்கீலுக்கு நீயே சொல்லிவிடு. அய்யாக்குட்டிக்கு நீயாக ஒரு போன் போடு. என்ன பேச என்று தெரியாவிட்டால் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்.

என்னோடு பேச உனக்குப் பிடிக்காமல் போகலாம். பேசு என்று நான் கேட்க மாட்டேன், கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெட்டியை நான் அதற்கப்புறம் அணைக்கவே இல்லை. அது பேசுகிற சத்தம் மட்டும்தான் இப்போது இந்த வீட்டில் இருக்கிறது. தினம் காலை ஆறு மணிக்கு நான் முன்கதவைத் திறப்பேன், அது உன் போனுக்குச் சொல்லும். நீ பதில் போட வேண்டாம். உன் போனிலிருந்து அந்த ஆப்பை மட்டும் எடுத்துவிடாதே, ராசா.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மருமகளை வையாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் அம்மா,
சீனித்தாய்