உன் பேச்சில் பதில் சொல்லும் கடை

நிமியாவுக்கு,

கடை நன்றாக நடக்கிறது. "சாப்பிடக்கூட உனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டு நீ மொன்தெரேய் நகருக்குப் போன பிறகு, கைபேசியில் ஒரு செயலி போட்டேன். ஆர்டர் கேட்பவர்களிடம் விலையையும் தேதியையும் அதுவே பேசி முடிக்கிறது. நான் காகிதம் வெட்டி, பிள்ளைகள் அடித்து உடைத்து மிட்டாய் எடுக்கும் பினியாட்டா பொம்மைகளை ஒட்டினால் போதும். மதியத்துக்குள் வேலை தீர்ந்துவிடுகிறது. முற்றத்தைக் கழுவுகிறேன். காய்ந்ததும் மறுபடி கழுவுகிறேன்.

இன்று நம் வாடிக்கையாளர் டோன்யா எவுலாலியா தன் மகளின் பிறந்தநாளுக்கு நட்சத்திரப் பினியாட்டா வாங்க வந்தார். "என்னப்பா, பொண்டாட்டி வந்துட்டாளா? நேத்து 'கண்ணு, கவலைய விடு'ன்னு பதில் போட்டாளே!" என்றார்.

வாடிக்கையாளர்களுக்கு நீ எழுதிய பழைய பதில்களைத்தான் செயலிக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "வந்துருவா" என்றேன்.

அவர் போனதும் என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் கைபேசியை வாங்கி நம் கடைக்கே எழுதினேன். "என்ன பொம்மை வேணும், கண்ணு?" என்று உடனே பதில் வந்தது.

"நீ எப்ப வருவே?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கடைக்காரரே பதில் சொல்வாரு, கண்ணு" என்றது. கேள்வி என் கைபேசிக்கே வந்து சேர்ந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் உன்னையே கேட்கிறேன்.

இப்போது நேரமிருக்கிற
உன் கணவன்