கழற்றி வைத்த பெட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இதயத்தில் புது வால்வு வைத்தபின் துடிப்பு விட்டுவிட்டு நிற்கிறதா என்று பார்க்க, நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஒயரும் பெட்டியும் என் நெஞ்சில் மாட்டிவிட்டார்கள். அன்றே புலாவ் செபாங் ஊரில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ரவிக்கைக்குள் துருத்துமே என்று கழற்றி, அலமாரியில் சேலைக்கடியில் வைத்துவிட்டுப் போனேன். அங்கேதான் தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சமாளித்தேன்.

இன்று ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள்: "ஏன் பாட்டி மூணு மணி நேரம் ஒண்ணுமே பதிவாகல?"

"தானா கழண்டிருக்கும்மா."

"நீங்க பாத்துக்க மாட்டீங்களாக்கா?" என்று மருமகளை ஏசினாள்.

"சாரி மிஸ்ஸி" என்று மருமகள் தலைகுனிந்தாள். பெட்டியை அலமாரியில் கண்டெடுத்து மறுபடி மாட்டிவிட்டவளே அவள்தான்.

காரில் மட்டும் கேட்டாள்: "அத்தை, தலை சுத்துச்சா?"

இல்லை என்றேன்.

இதை எழுதும்போதும் சுற்றுகிறது. அவள் கதவைத் தட்டப் போகிறேன்.