கறுப்பு ராஜா வேஷம்

அன்புள்ள அம்மாவுக்கு, மரியே வாழ்க. மஸ்கட்டிலிருந்து இமெல்டா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

இங்கே கோயிலில் கிறிஸ்மஸ் நாடகம் போட்டோம். குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜாவாக யார் நடிப்பது என்று ஃபாதர் கேட்டதும், பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். ராயபுரத்தில் வருஷா வருஷம் அது என் வேஷம்தானே. தங்கச்சி கரோலின்தான் மாதா. "அவ செவப்பா லட்சணமா கீறா. உனுக்கு மையே தேவல, செலவு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே எனக்குத் தலைப்பாகை கட்டுவாய்.

என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கென்யாக்காரி வஞ்சிரு (நம் வஞ்சிரம் மீன் மாதிரி பேர்) அந்த வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கிரீடம் இருக்கிற வேஷத்தை யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்றாள். ஃபாதர் மாதாவின் நீல முக்காட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். குழந்தை ஏசுவை மடியில் வைத்திருந்தபோது எனக்கு ஜெபமே வரவில்லை. கரோலின் இதைப் பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு நோயல் அண்ணன் லீவில் ஊருக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது நெத்திலிக் கருவாடும், உன் பழைய நைட்டி ஒன்றும் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

கூடவே என் மாதா வேஷப் போட்டோ இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் பிரேம் போடக் கொடு. கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்பார், வேண்டாம் என்று சொல். அண்ணன் கிளம்பிவிட்டார், கீழே ஹாரன் அடிக்கிறார்.

போட்டோ மாட்டப் புதுசாக ஆணி அடிக்காதே. டி.வி.க்கு மேலே இருக்கும் கரோலினின் மாதா வேஷப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியிலேயே மாட்டு.

உன் மூத்த மகள்,
இமெல்டா