ஏழாம் பலகை

நேற்றுக் காலை தச்சன் வந்து கடையின் முன்பலகைகளை எல்லாம் கழற்றிப்போட்டான். என் மகன் இரும்பு ஷட்டர் போடப்போகிறானாம். ஒரே இழுப்பில் கடை மூடிவிடும் என்று பெருமையாகச் சொன்னான். மழைச்சாரலில் நனைந்து கிடந்த அந்தப் பழைய மரத்தின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. குனிந்து தேடி, ஏழாம் எண் போட்ட பலகையை மட்டும் எடுத்துப்போய் உள்ளே சுவரோரம் சாய்த்துவைத்தேன். "வாப்பா, அது எதுக்கு? செல்லரிச்சுப் போச்சே" என்றான் மகன். "உன் வேலையப் பாருடா" என்று எரிந்து விழுந்தேன். அவன் என்ன செய்வான், பாவம்.

உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதக் கை கூசுகிறது. நீ என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பாய், நான் உன்னை 'ஏம்ப்பா' என்பேன். அதுவே போதும்.

காஜா பெராங் தெருவில் என் மளிகைக் கடைக்கு முன்னால், நடைபாதை நிழலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தவன் நீ. ரப்பர் தோட்டத்துப் பால்மரக்காட்டை விட்டு ஓடிவந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில் நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்த உத்தரவு வந்தபோது, சில்லறை வியாபாரிகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினாய். என்னைத் தலைவராக்கினாய். எனக்கு எதற்கப்பா என்றேன். "தலைவர்னா தொந்தியும் தொப்பியும் வேணும், நானா. கத்துறதுக்கு நான் இருக்கேன்" என்று சிரித்தாய். ஒரு நாள் முழுக்கத் தெருவில் ஒரு பலகைகூட அசையவில்லை. துரை காரில் வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டுப் போனான். உத்தரவு வாபஸானது. மாலை என் கழுத்தில்தான் விழுந்தது. கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் வந்ததும் சங்கம் கலைந்தது என்று ஊர் நினைத்தது. நீ விடவில்லை. சட்டைக்கு அளவெடுக்கும் சாக்கில் ஆளின் கழுத்தைச் சுற்றி நாடாவைப் போட்டுக்கொண்டு, காதோடு காதாகச் சேதி சொல்வாய். மரவள்ளிக் கிழங்கு தின்று ஊரே வற்றிப்போயிருந்த காலம். புதுச் சட்டை தைக்க எவன் வந்தான்? ஆனாலும் உன்னிடம் அளவு கொடுக்க ஆள் வந்துகொண்டேயிருந்தது.

அரிசி பங்கீடு செய்யும் உரிமம் எனக்குக் கிடைத்தது. வியாழன்தோறும் அந்த ஏழாம் பலகையை மட்டும் எடுப்பேன். கடைசியில் செருகுவதும் முதலில் எடுப்பதும் அதுதான். அது திறந்தால் அரிசி என்று அர்த்தம். நம் தெருக்காரர்களும் பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பெண்களும் வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நீ உள்ளே வந்தாய். நாடாவைக் கழுத்தில் போட்டபடியே சொன்னாய். "நானா, நாளைக்கு லோரி வருது. அரிசிக்கு நிக்கிற ஆம்பளைங்கள அள்ளிட்டு சயாம்ல ரயில் பாதை போடுற வேலைக்குக் கொண்டு போகப் போறானுங்க. தெங்கேரா தெரு அரிசிக் கடைக்காரங்க ரெண்டு பேரும் தொறக்கலேன்னுட்டாங்க. நீங்களும் தொறக்காதீங்க. லோரி திரும்பிப் போனதும் வீடு வீடா நாமளே அரிசியக் குடுத்துரலாம்."

"அல்லாஹ்வ முன்ன வச்சுச் சொல்றேன், பலகை அசையாது" என்றேன். நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். உன் விரல் நுனியில் ஊசி குத்திக் காய்த்துப்போயிருந்தது இன்னும் என் உள்ளங்கைக்குத் தெரிகிறது.

மறுநாள் காலை ரேஷன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சைக்கிளில் வந்தான். இறங்கக்கூட இல்லை. "தெங்கேரா கடை ரெண்டும் சாத்திக் கெடக்கு. நீங்க தொறந்தா அவங்க அரிசி அட்டையெல்லாம் உங்க கடைக்கே மாத்திரலாம். உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். அவன் கையில் துப்பாக்கி இல்லை. கூட எந்தச் சிப்பாயும் இல்லை. மூன்று கடை வியாபாரம் ஒரே கடைக்கு! லோரி வருமென்பது வெறும் பேச்சாகக்கூட இருக்கலாம், அரை மணி நேரம் கொடுத்துவிட்டு மூடிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலகையை எடுத்தேன். சற்று நேரத்தில் வரிசை கூடிவிட்டது.

தெருமுனையில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நீ ஓடிவந்தாய். "நானா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" அவ்வளவுதான் நீ என்னைக் கேட்டது. பிறகு வரிசையைப் பார்த்துத் தமிழிலும் மலாயிலும் கத்தினாய், ஓடுங்கள் என்று. யாரும் அசையவில்லை. பலகை திறந்திருக்கும்போது பசித்தவன் எப்படிப் போவான்? உனக்கு அது சட்டென்று புரிந்தது. கீழே கிடந்த பலகையைத் தூக்கி நீயே வெளியிலிருந்து செருகத் தொடங்கினாய். அப்போதுதான் வரிசை கலைந்து ஓடியது. லோரிச் சத்தம் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கலாம். ஓர் ஆள் நுழையும் இடைவெளி இன்னும் இருந்தது. நான் அசையவில்லை. நீ பலகையைத் தோளால் அழுத்திக்கொண்டு, "உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்குங்க, நானா" என்றாய். போட்டுக்கொண்டேன். அப்புறம் வெளியே பூட்ஸ் சத்தம், அடி விழும் சத்தம். ஓடாமல் நின்றவன் நீ ஒருவன்தான். உன்னையும், கால் முடியாத இரண்டு பேரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவன், ஆற்றோர முகாமில் வாந்திபேதி கண்டு நீ போய்ச் சேர்ந்ததைச் சொன்னான். உன் வீட்டுக்காரியிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? கழுத்தில் கத்தியை வைத்துத் திறக்கச் சொன்னார்கள் என்றேன். அவள் அழுதபடியே, "நீங்க என்ன பண்ணுவீங்க, நானா. உசுருன்னா யாருக்கும் பயந்தானே" என்று என்னைத் தேற்றினாள். என்னை! சங்கம் மறுபடி எழுந்தபோது என்னையே தலைவராக்கினார்கள். கழுத்தில் கத்தி வைத்த கதையை மேடையில் ஒருவர் சொல்ல, ஜனம் கை தட்டியது. சீ, என்ன மனுஷன் நான்! அந்த மாலையையும் வாங்கிக்கொண்டேன்.

இத்தனை வருஷமாகப் பெருநாளுக்குப் பெருநாள் அவள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புகிறேன். தீபாவளிக்கு அவள் முறுக்கு அனுப்புகிறாள். அதை நான் வாயில் வைத்ததே இல்லை.

கடைக்கு ஷட்டர் போடும் சேதி எப்படியோ புக்கிட் பாருவில் குடியிருக்கும் அவள் காதுக்கு எட்டிவிட்டது. இன்று காலை பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. "நானா, அவரு கடைசியா கை வச்சது அந்தப் பலகைதானே. தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்குக் குடுத்துருங்க" என்றாள். சுவரோரம் சாய்ந்திருந்ததைக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். எந்தப் பக்கம் அவர் கை பட்டது என்று கேட்டாள். வெளிப்பக்கம் என்றேன். அந்தப் பக்கத்தை முந்தானையால் துடைத்தாள்.

நாளைக் காலை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மகன் வேனில் ஏற்றிவிடுகிறேன் என்கிறான். வேண்டாம், என் தோளிலேயே வரட்டும். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் சொல்லிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.