மூன்றாம் பதிப்பில் இரண்டாம் குரல்

8 பிப்ரவரி 2025, சனி

காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. பெயர் தியாகராஜனாம், குளுவாங்கில் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவராம். ஓய்வுபெற்றவர்கள் கத்தரிச்செடி வைப்பார்கள், காசிக்குப் போவார்கள். இவர் 'இசைச்சுடர் ரூபேந்திரன் தனிப்பாடல் பதிவுகள்: முழு விவரத் தொகுப்பு' என்று புத்தகம் போட்டிருக்கிறார். இரண்டு பதிப்பு வந்துவிட்டது. அதை யார் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் பதிப்புக்கு என் உதவி வேண்டுமாம்.

"தொண்ணூறுகள்ல நீங்க ஸ்டூடியோவுக்கு அடிக்கடி வருவீங்கன்னு கேள்விப்பட்டேம்மா. எல்லாருக்கும் கோப்பி கலக்கிக் குடுப்பீங்களாமே?"

கோப்பி!

நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். யார் என்று லெஸ்லி கேட்டார். கோப்பி கலக்க ஆள் தேடுகிறார்கள் என்றேன். கட்டின புருஷன், அதற்குமேல் கேட்கவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சரியாக நாலு மணிக்கு வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரு பூதக்கண்ணாடி. புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பத்தாறு பாட்டு. எந்தத் தேதியில் பதிவானது, எத்தனை நிமிடம் எத்தனை நொடி, தபேலா யார், கேசட் லேபிள் என்ன சாயம், எல்லாம் இருக்கிறது. லேபிள் முதலில் ஊதாவாக இருந்து பிறகு கத்தரிப்பூ நிறமானதற்குத் தனி அடிக்குறிப்பு.

'தார் ரோட்டு மழை' பாட்டுக்கு மட்டும் நாலு பக்கம். கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் இன்னும் போடுகிறார்களே, அந்தப் பாட்டு. அதன் ஹம்மிங்கைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே நம்பமாட்டேன்:

'இதில் ஒலிக்கும் பெண்குரலும் இசைச்சுடரின் குரலே என்பதை நுட்பமான செவிகள் உணரும். ஒரே தொண்டையில் இரு குரல்களையும் தாங்கிய மேதை.'

இரண்டு தடவை படித்தேன். பூதக்கண்ணாடியையும் வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒரே மைக். பழைய இசைக்குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு, இனிமேல் தனியாகத்தான் பாடுவேன் என்று சபதம் செய்துவிட்டு வந்த ரூபேந்திரன், முதல் நாளே மாதா கோயில் பாடற்குழுவில் இருந்து என்னைக் கூப்பிட்டார். தனியாகப் பாட அவருக்குப் பயம். ஐந்து வருஷம் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று பாடினேன். கேசட் அட்டையில் அவர் முகம் இருக்கும், அவர் மீசை இருக்கும். எனக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

தியாகராஜனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி கொடுத்து அனுப்பினேன். பிரமாதமாக இருந்ததாம். மூன்றாம் பதிப்பில் சேர்த்தாலும் சேர்ப்பார்.

10 பிப்ரவரி, திங்கள்

ஃபேக்டரியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தையலைச் சரிபார்த்துக்கொண்டே, இசைச்சுடரின் பெண் தொண்டையை நினைத்துச் சிரித்தேன். சிரிப்புத்தானா அது?

15 பிப்ரவரி, சனி

மகள் ஷர்மைன் சிங்கப்பூரிலிருந்து வந்தாள். எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேர ஜாம். வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.

"தார் ரோட்டு மழைல வர்றது நீங்கதானேம்மா? சின்னதுல இருந்து சொல்லிக்கிட்டே இருப்பீங்களே."

"ஆமா."

"அலமாக்! அந்த ஆளுக்குக் கோப்பி போட்டுக் குடுத்தா அனுப்புனீங்க?"

"விடு லா, முப்பது வருஷம் ஆச்சு" என்றார் லெஸ்லி. அவர் முப்பது வருஷமாக எல்லாவற்றையும் விட்டுக்கொண்டே இருக்கிறவர். கூரை ஒழுகலையும் விட்டார்.

எனக்கு என் பெயர் வேண்டும். எழுதிவிட்டேன். பெருமைக்கா? ஆமாம், பெருமைக்குத்தான். வேறு எதற்கு?

16 பிப்ரவரி, ஞாயிறு

தியாகராஜனை மறுபடி வரவழைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சிரித்தார். பள்ளி ஆய்வாளர்களுக்கு அந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள் போல.

"அம்மா, ஒரு குரலைப் பதிஞ்சிட்டு அதுக்கு மேல இன்னொன்னு பதியலாம். ரெண்டும் அவர்தான்."

"எதுல பதியறது? முட்டை அட்டைலயா?"

பிறகு பாடிக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய பாட்டு மூன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சம். அம்பத்தெட்டு வயசுத் தொண்டை. மேலே போகும்போது கரகரத்தது. ஆனால் மனிதர் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. அப்புறம் என்னை 'மேடம்' என்றார்.

"அப்ப இதெல்லாம் தனிப்பாடல் இல்லையே மேடம்." ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விரல்விட்டு எண்ணினார். "நீங்க சொல்றபடி பார்த்தா முப்பத்தொன்னு போயிடும். மிச்சம் பதினஞ்சு. புத்தகமே போயிடுமே." வீட்டில் சாவு விழுந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். பாவமாகக்கூட இருந்தது.

அப்புறம் நிமிர்ந்தார். "எழுத்துல ஆதாரம் இருந்தா போடுவேன். இல்லன்னா எங்கப்பாவே வந்து சொன்னாலும் போடமாட்டேன். அதுதான் என் விதி."

"அந்தப் பெண் தொண்டைக்கு என்ன ஆதாரம் வச்சிருந்தீங்க சார்?"

பிஸ்கட் தட்டைப் பார்த்தார். "அட்டைல வேற பேரு இல்லையே."

1 மார்ச், சனி

தபாலில் படிவம் வந்திருக்கிறது. பாட்டு, தேதி, பங்கு, எழுத்துச் சான்று என்று நாலு கட்டம். ஸ்டூடியோ பதிவேட்டிலிருந்து எல்லாத் தேதிகளையும் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். என்னிடம் சான்று இருக்காது என்று நினைத்திருப்பார். பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவளிடம் போய்!

2 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பழைய நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் சீனன் இரும்புக் கடையில் வருஷா வருஷம் இனாமாகக் கொடுத்தவை. '14-3-1990: ஸ்டூடியோ. நாலு பாட்டு. தொண்டை கட்டிவிட்டது. நாசி லெமாக்கில் நெத்திலியைக் காணோம்.' இப்படி முப்பது பாட்டுக்கும் தேதி பொருந்துகிறது. எனக்கு அழுகை வந்தது. நெத்திலிக்காக இல்லை.

'தார் ரோட்டு மழை'யை நாளைக்கு வைத்திருக்கிறேன். நல்லதைக் கடைசியில் சாப்பிடுவது என் பழக்கம்.

3 மார்ச், திங்கள்

பதிவேட்டில் 22-12-1992.

என் நாட்குறிப்பில்: '22-12-1992: சிகாமட், நாத்தனார் வீடு. ஆறு ஏறிவிட்டது. ரயில் இல்லை. மூன்றாம் நாளாக மாடியில். சோறும் டின் மீனும்.'

நான் அங்கே இல்லை.

பாட்டைப் போட்டுக் கேட்டேன். நாலு தடவை. ஹம்மிங் இரண்டாவது முறை மேலே ஏறும் இடத்தில் நான் எப்போதும் மூச்சு எடுப்பேன். இவள் எடுக்கவில்லை. யார் இவள்? அந்தப் பாட்டுக்கு ஒரு மாதம் அவரோடு ஒத்திகை பார்த்தது நான். பதிவிலும் நான்தான் என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது. கல்யாண வீடுகளில் அது ஒலிக்கும்போதெல்லாம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். முப்பது வருஷம்! யாரோ பாடியதற்கு நான் அடக்கம் காட்டியிருக்கிறேன்.

4 மார்ச், செவ்வாய்

முப்பத்தொன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன். முப்பதுக்குப் பக்கத்தின் நகல் வைத்தேன். அந்த ஒன்றுக்கு மட்டும் 'பக்கம் கிழிந்துவிட்டது' என்று எழுதினேன். உண்மையில் கிழிக்கவில்லை. கிழித்தால்தான் பாவம் என்று கணக்கு.

5 மார்ச், சாம்பல் புதன்

தவக்காலத்துக்கு இனிப்பை விடுவதாக நேர்ந்துகொண்டேன். பொய்யைப் பற்றி ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை.

22 மார்ச், சனி

அச்சுக்குப் போகும் பக்கங்களைத் தியாகராஜன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். புத்தகத்தை இரண்டு பாகமாகப் பிரித்துவிட்டார். 'இரண்டாம் குரல்: செசிலியா லெஸ்லி', முப்பத்தொரு தடவை. எண்ணிப் பார்த்தேன். மழைப் பாட்டில் 'செசிலியாவின் அழியாத ஹம்மிங்' என்று எழுதி, முந்தைய பதிப்புகளின் பிழைக்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். மனிதர் தப்பைத் தப்பு என்று சொல்ல வெட்கப்படுகிறவர் இல்லை. எனக்குத்தான் படிக்கும்போது காது சுட்டது.

ஷர்மைன் அதை ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள்.

23 மார்ச், ஞாயிறு

பாடற்குழுப் பெண்கள் கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு தின்றேன். இனிப்பு விரதமும் போச்சு.

26 மார்ச், புதன்

இசைச்சுடரே அழைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

"செசி, நல்லா இருக்கியா? பக்கமெல்லாம் எனக்கும் வந்துச்சு. முப்பதும் நீதான், நான் இல்லங்கல. ஆனா மழைப் பாட்டு நீ இல்லயே. நீ வெள்ளத்துல மாட்டிக்கிட்ட. காஹாங் மளிகைக் கடை செட்டியார் வீட்டு மருமக கண்ணாத்தாள் வந்து பாடுச்சே, மறந்துட்டியா?"

எனக்கு எப்படி மறக்கும், தெரிந்திருந்தால்தானே? ஆனால் அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பெயர், ஊர், கடை, வெள்ளம், எல்லாம். ஞாபகசக்தியும் மேதைமைதான்.

"அப்ப அந்தப் பெண் தொண்டை?"

"தியாகராஜன் அவரா எழுதிக்கிட்டாரு. நான் வேணாம்னு சொல்லல, அவ்வளவுதான்." கொஞ்சம் இருமினார். "இதப் பாரு, உன் விஷயத்த நான் வெளிய சொல்லல. நீயும் அவர்கிட்டப் பேசி, புத்தகத்தப் பழையபடி விடச் சொல்லிடு. புத்தக வெளியீட்டு விழாவுல உனக்குப் பொன்னாடை போத்தச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேனாம்! இதுதான் எனக்கும் அவருக்கும் முதல் உண்மையான ஜோடிப் பாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே பொய், சுருதி பிசகாமல்.

28 மார்ச், வெள்ளி

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, ஒரு ஹம்மிங்கைத் திருடிட்டேன்" என்றேன். "ஹம்மிங்குன்னா?" என்று கேட்டார். விளக்கினேன்.

"திருடுனத உரியவங்ககிட்டக் குடுத்துடுங்கம்மா." கூடவே ஐந்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். ஐந்தையும் வாசலுக்கு வருமுன்னே சொல்லி முடித்துவிட்டேன்.

5 ஏப்ரல், சனி

காஹாங். லெஸ்லிதான் காரோட்டினார். வழியெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை 'விடு' என்று சொல்லவில்லை.

கடை இப்போது மினி மார்க்கெட் ஆகிவிட்டது. கல்லாவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். என் வயசுதான் இருக்கும். "கண்ணாத்தாள் ஆச்சியா?" என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நான் திருடியதையும் சேர்த்து. யாரோ வெங்காயம் வாங்க வந்தார்கள். ஆச்சி நிதானமாக நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"சரக்கெடுக்கப் பத்து பாகாட் டவுனுக்கு வந்தோம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அவரு பாட்டுன்னா உசிரு. நான் அடுப்படியில பாடுறத அவருகிட்டச் சொல்லி, ஸ்டூடியோவுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாக. ஒரே ஒரு தடவதான் பாடினேன். மாமனாருக்குத் தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவாக. பேரு போடாதீயன்னு நாந்தான் சொன்னேன்."

"இப்ப போடலாமா ஆச்சி?"

"மாமனாரும் போயிட்டாக, இவுகளும் போயிட்டாக. இனி யாரக் கேக்கணும்?" தராசுத் தட்டைத் துடைத்தார். "நீங்க பாடுனதாவே இருக்கட்டும்னு சொல்லிருவேன். ஆனா எனக்கு மனசு வரலம்மா. ரேடியோல அது வந்தா, முடியிற வரைக்கும் நான் கல்லாவத் தொறக்கறதில்ல."

பாடச் சொன்னேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று மெல்லப் பாடினார். இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு எடுக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் என்னைவிட நன்றாகப் பாடுகிறார். சொல்லவும் சொன்னேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

சிகாமட் பக்கத்தைப் படமெடுத்துத் தியாகராஜனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"பக்கம் கிழிஞ்சிடுச்சுன்னு எழுதியிருந்தீங்களே மேடம்?"

"பொய் சொன்னேன் சார்."

"அப்ப மத்த முப்பதையும் மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும்" என்றார்.

நியாயம்தான். காலர் ஒன்று கோணலாக இருந்தால் கட்டு முழுவதையும் நானும் பிரிக்கத்தான் சொல்வேன். ஆனால் வலிக்குது.

26 ஏப்ரல், சனி

மூன்று சனிக்கிழமை வந்தார், பூதக்கண்ணாடியோடு. பாட்டின் பெயர் எழுதாமல் 'ஸ்டூடியோ' என்று மட்டும் நான் எழுதி வைத்த நாட்களை ஏற்கமாட்டாராம். எட்டுப் பாட்டு போச்சு. அந்த எட்டிலும் பாடியது நான்தான், சத்தியமாக! என் சத்தியத்துக்கு இப்போது என்ன விலை? கோப்பி கலக்கினேன்.

19 ஜூலை, சனி

மூன்றாம் பதிப்பு தபாலில் வந்தது. விழா கிடையாது. இசைச்சுடர் வரமாட்டேன் என்றுவிட்டாராம். தலைப்பில் 'தனிப்பாடல்' என்ற சொல் இல்லை. இருபத்திரண்டு பாட்டில் என் பெயர். எட்டில் 'இரண்டாம் குரல்: உறுதிப்படவில்லை.' அந்த எட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

மழைப் பாட்டைக் கடைசியாகப் புரட்டினேன். 'இரண்டாம் குரல்: கண்ணாத்தாள், காஹாங். சான்று: செசிலியா லெஸ்லியின் நாட்குறிப்பு, 22-12-1992. அன்று செசிலியா சிகாமட்டில் இருந்தார்.'

லெஸ்லி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இதுலயும் உன் பேரு இருக்கே. நீ பாடலதானே?"

"பாடல. அதுக்குத்தான் பேரு."

ஆச்சிக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தார். அழுதார். நானும்தான்.