தீப்பெட்டிக்குள் தாளாளர்

அத்தை,

நீங்கள் போட்டோக்கள் போட்டுவைத்த பிஸ்கட் டின்னைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. போர்வைக்குள் தும்மலை அடக்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா விழித்தால் தொலைந்தேன். விடிந்தால் அதைவிடப் பெரிதாகத் தொலையப்போகிறேன்.

கோபம் வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நீங்கள் போட்டோவில் தலையை வெட்டுவீர்கள். தையல் டீச்சர் அல்லவா, வட்டம் பிசகாது. வெட்டிய தலை தீப்பெட்டிக்குள் போகும். சமாதானம் ஆனால் சோற்றுப் பசையோடு பழைய இடத்துக்குத் திரும்பும். சித்தப்பா மூன்று முறை போய் வந்தவர். போட்டோவில் அவர் கழுத்தைத் தடவினால் இன்னும் பருக்கை தட்டுப்படும்.

"கிழிச்சே போட்டுடலாமே அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிழிச்சிட்டா அப்புறம் எப்படிடி ராசியாகுறது?" என்றீர்கள்.

மாமா மட்டும் திரும்பவில்லை. உங்களைக் கேட்காமல் கறவை எருமையை விற்றதற்காக, புதுவீடு குடிபோன அன்று எடுத்த போட்டோவிலிருந்து அவர் தலை போனது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதை ஓட்டையோடு அப்படியே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, ஒரு எருமைக்காகக் கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கலை" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார். படத்தின் கண்ணாடியைத்தான்.

நாளைக்கு நம் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. ஆற்றுத் தண்ணீர் புகுந்த வருஷம் பழைய ஆல்பமெல்லாம் ஊறிப்போனதாம். பள்ளியைத் தொடங்கிய தாளாளரின் முகம் யாரிடமும் இல்லை. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "எங்க அத்தை டின்ல இருக்கு மிஸ்" என்று, நீங்களும் நிற்கிற முதல் ஆசிரியர் குழு போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். ஹெச்.எம். நடு நாற்காலிக்காரரைப் பெரிதாக்கி, வாசலில் பத்தடி பிளக்ஸ் வைத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த தாளாளரின் பேரன், "தாத்தா மூக்கு அப்படியே எனக்கு" என்று அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டார். மாமாவும் பார்த்தார். "என்ன லட்சணம்! மனுஷன் இவ்வளவு அழகுன்னு எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

இன்று சாயங்காலம் டின்னின் அடியில் இரண்டு தீப்பெட்டிகள் கிடைத்தன. ஒன்றின்மேல் உங்கள் கையெழுத்து: 'தாளாளர். நடவுக்கு லீவு தரலை. மன்னிக்கலை.' திறந்தேன். வழுக்கைத் தலையோடு ஒருவர் என்னை முறைத்தார். இன்னொன்றின்மேல், மாமா பெயரைத்தான் நீங்கள் எழுதமாட்டீர்களே, 'அவுங்க. எருமை. போனாப் போவுது, மன்னிச்சாச்சு.' அது காலி.

அப்படியானால் பிளக்ஸில் இருப்பது யார்? செல்போனில் இருந்த குழுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருகருவென்று முடி, மீசை. மாமாவுக்கு முடி இருந்த காலத்தை நான் எங்கே பார்த்தேன்? ஆனால் இடது காது மடல் மடங்கியிருந்தது, மாமாவுக்கு மாதிரியே.

கண்ணில் புரையை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு மாட்டேன் என்றீர்களே அத்தை! இரண்டு போட்டோவும் ஒரே ஸ்டூடியோவில் ஒரே அளவில் போட்டவை, இரண்டிலும் ஒரே மாதிரி ஓட்டை. மாமாவைப் புதுவீட்டுப் போட்டோவில் சேர்ப்பதாக நினைத்துத் தாளாளர் கோட்டுக்குமேல் ஒட்டிவிட்டீர்கள்.

நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு! பழைய டீச்சர் வீட்டுக்காரர் என்ற முறையில் முதல் மாலை போடப்போவதும் மாமாதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. ஹெச்.எம். முகத்தை நினைத்தால் அதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் தன் படத்துக்குத் தானே மாலை போட்டுவிட்டு மாமா வீட்டுக்கு வந்து, மறுபடியும் அந்த ஓட்டையைக் காட்டிச் சிரிப்பாரே.

விடிந்ததும் முதலில் மாமாவிடம் போய்க் காலிப் பெட்டியைக் கொடுப்பேன். அவர் படிக்கட்டும். பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு ஹெச்.எம். வீட்டுக்கு. திட்டினால் இரண்டு பேராக வாங்கிக்கொள்வோம்.

தாளாளரை நாளைக்கு ஒரு நாளாவது மன்னித்துவிடுங்கள், அத்தை. ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே முறைத்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில், ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒதுக்கிய ஒரு கவளம் சோறு. இரண்டு தலைக்குக் காணும்.